திரையில் உடைந்த பெயர் – ஒரு கபடி ஸ்கோர்போர்டு கற்றுத்தந்த யூனிகோடு பாடம்



சென்ற ஆண்டு நம் மன்ற விளையாட்டு விழாவில் கபடி இறுதிப் போட்டி நடந்த மாலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மைதானத்து ஓரத்தில் வெள்ளைத் திரை கட்டி, புரொஜெக்டரில் ஸ்கோர் காட்டினோம். அந்த ஸ்கோர்போர்டு புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன். "நம் மாணவர்களே தயாரித்தது" என்று மைக்கில் அறிவித்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அடுத்த நிமிடம் வீரர்கள் பெயர்கள் திரையில் வந்தன. சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகள். சில, கட்டம் கட்டமாக. சில பெயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளி தனியே தொங்கியது. கூட்டத்தில் ஒருவன், "ஏல, இது எந்த ஊரு எழுத்துல?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் அணித் தலைவன் அருகே வந்து, "ஏ மக்கா, எம் பேரப் போடலன்னாலும் பரவால்ல, இப்படிப் போடாதல" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து நிமிடத்தில் எல்லாப் பெயர்களையும் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிப் போட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று என் அம்மாவும் வந்திருந்தார். அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குத் தமிழில் தன் பெயரும், என் பெயரும், பஸ் போர்டில் உள்ள சில ஊர்ப் பெயர்களும் மட்டுமே வாசிக்கத் தெரியும். "எய்யா, உம் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். திரையின் கீழே 'தயாரிப்பு' என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அங்கேயும் இங்கிலீஷ்தான். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நான் செய்த முதல் புரோகிராமில் என் பெயரை என் அம்மாவால் வாசிக்க முடியவில்லை.

அன்றிரவு முதல் சில மாதங்கள் இதைப் பற்றியே படித்தேன். படித்ததை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேம், ஸ்கோர்போர்டு, குலுக்கல் புரோகிராம் என்று எதைச் செய்தாலும் இந்தத் தொல்லை வரும்.

எழுத்து என்பது ஓர் எண்

கம்ப்யூட்டருக்கு 'க' என்ற எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். நம் துறைமுகச் சாலையில் போகும் கன்டெய்னர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாளம் இருக்கும். உள்ளே என்ன சரக்கு என்பதைப் பேப்பரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பேப்பர் மாறிப்போனால் முந்திரி இறங்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை இறங்கும். இங்கேயும் அப்படித்தான். ஃபைலில் இருப்பவை எண்கள். அவற்றை எந்தப் பட்டியலை வைத்து எழுத்தாக மாற்றுவது என்பதுதான் என்கோடிங்.

உலகின் எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல் என்பது யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991ல் வந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் உண்டு. எல்லா இடமும் நிரம்பவில்லை. 'க' என்பது 2965. 'ம' என்பது 2990. இகரக் குறிக்கு 3007. மெய்ப்புள்ளிக்கு 3021.

இந்த எண்ணை ஃபைலில் எழுத வேண்டும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 2965 அடங்காது. எனவே யூ.டி.எஃப்-8 என்ற முறையில் அதை மூன்று பைட்டாகப் பிரிக்கிறார்கள்: 224, 174, 149. சரிபார்ப்பது எளிது. முதல் பைட்டில் 224ஐக் கழித்தால் 0. இரண்டாவதில் 128ஐக் கழித்தால் 46. மூன்றாவதில் 128ஐக் கழித்தால் 21. 46ஐ 64ஆல் பெருக்கினால் 2944, அதோடு 21ஐக் கூட்டினால் 2965. இதை நோட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பிறகு மறக்கவே மறக்காது.

நம் கரையில் இது பழைய கதை

தமிழை இன்னொரு எழுத்தில் எழுதிச் சமாளிப்பது இன்று வந்த பழக்கம் அல்ல. 1554ல் லிஸ்பன் நகரில் ஒரு சிறிய தமிழ் நூல் அச்சானது. அது முழுக்க ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்துக்கு அச்சு இல்லாததால் அந்த வழி. நாம் செல்போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கிறோமே, அதன் மூத்த அண்ணன் அது!

அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578ல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. 16 பக்கம்தான். அதைத் தமிழில் ஆக்கியவர் நம் முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில் பல ஆண்டுகள் வாழ்ந்த அன்றீக் அடிகளார். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் இக்கரைப் பரதவ மக்கள். நம் ஊருக்குத் தெற்கே பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் புன்னைக்காயல் இருக்கிறது. பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பழைய அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். நெடிலுக்குக் கொம்பை மாற்றிய சீர்திருத்தம் பின்னால் வீரமாமுனிவர் பெயரோடு வழங்குகிறது. 1978ல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வடிவம் காலத்துக்குக் காலம் மாறும். அதனால் யூனிகோடு வடிவத்துக்கு எண் கொடுக்கவில்லை, எழுத்துக்குத்தான் கொடுத்தது. வடிவம் ஃபான்ட்டின் பொறுப்பு. ஒரே எண்களை வைத்துக்கொண்டு ஒரு ஃபான்ட் 'லை'யைப் பழைய யானைத் துதிக்கை வடிவிலும், இன்னொன்று புதிய வடிவிலும் காட்டலாம்.

ஃபான்ட் ஆண்ட காலம்

யூனிகோடு வந்தவுடன் தமிழ் சரியாகிவிடவில்லை. 1990களில் ஒவ்வொரு ஃபான்ட்டும் தனி ராஜ்யம். இங்கிலீஷ் எழுத்தின் எண்ணிலேயே தமிழ்ப் படத்தை உட்காரவைத்தார்கள். பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தால், ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு இங்கிலீஷ் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்! அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓதான் தெரியும். இன்றும் டி.டி.பி. கடைகளில் இப்படிப்பட்ட பழைய ஃபைல்களைப் பார்க்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் பாடுபட்டார்கள். இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரம் 1988லும் 1991லும் வந்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கியின் வரிசையை ஒட்டியே அமைந்தது. இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்களும் தமிழ்99 கீபோர்டும் வந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் கையால் டைப் செய்து இலவசமாகத் தந்தது. முதலில் டிஸ்கியில் இருந்த அந்த நூல்கள் பிறகு யூனிகோடுக்கு மாறின.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் டேஸ்16. 2010ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரங்களாக அறிவித்தது. எனினும் நம் போன், விண்டோஸ், இணையம் எல்லாவற்றிலும் நேரடியாக ஓடுவது யூனிகோடு. எனவே புரோகிராம் எழுதும் நாம் அதைப் பிடித்துக்கொள்வதே வழி.

நான்கு நோய், நான்கு மருந்து

இனி நம் ஸ்கோர்போர்டுக்கு வருவோம். உடைந்த எழுத்தெல்லாம் ஒரே நோய் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. திரையில் தெரிவதை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்று: கேள்விக்குறிகள். தமிழ் இடம்பெறாத ஒரு பட்டியலில் ஃபைலைச் சேமித்தால், தெரியாத ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலாகக் கேள்விக்குறியை எழுதிவிடும். இது மோசமான நோய். எழுத்து மறைந்திருக்கவில்லை, அழிந்தே போயிற்று. மருந்து கிடையாது, திரும்பவும் டைப் செய்ய வேண்டியதுதான். வருமுன் காக்க, சேமிக்கும்போதே யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு: தலைமேல் சாய்கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி என்று திரும்பத் திரும்ப வருவது. இதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூ.டி.எஃப்-8 ஃபைலை மேற்கத்தியப் பட்டியலை வைத்துப் படித்துவிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் 224 என்பது சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்ட ஆர். தமிழ் எழுத்து எல்லாம் 224ல் தொடங்குவதால்தான் இந்த ஏ இவ்வளவு முறை வருகிறது. மருந்து: புரோகிராமில் ஃபைலைத் திறக்கும் வரியிலேயே என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட வேண்டும். மெஷினே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. லேபில் ஓடியது மைதானத்து லேப்டாப்பில் ஓடாமல் போனதற்குக் காரணம் இதுவே.

மூன்று: கட்டம் கட்டமாக வருவது. எண்ணும் சரி, பட்டியலும் சரி, ஆனால் ஃபான்ட்டில் அந்த எழுத்துக்குப் படம் இல்லை. இந்தக் கட்டத்துக்கு வெளிநாட்டில் 'டோஃபு' என்று செல்லப் பெயர். அதை ஒழிப்போம் என்றுதான் கூகுள் தன் ஃபான்ட் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது. மருந்து: நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஃபான்ட் ஒன்றைப் புரோகிராமோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். அந்த மெஷினில் இருக்கும் என்று நம்பக்கூடாது.

நான்கு: கொம்பு இடம் மாறுவது. இதுதான் கேம் எழுதுபவர்களை அதிகம் படுத்தும் நோய். டைப்ரைட்டரில் 'கே' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் க, பிறகு ஏகாரக் குறி. கொம்பைக் கொண்டுபோய் முன்னால் வைப்பதும், 'கொ' என்றால் கொம்பை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் பிரித்து நிறுத்துவதும் திரையில் வரையும்போது நடக்க வேண்டிய வேலை. அந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். பிரவுசரும் வேர்டு புராசஸரும் அதைத் தாமாகவே செய்கின்றன. ஆனால் வேகத்துக்காகச் செய்யப்பட்ட பல கேம் லைப்ரரிகள் எண்ணுக்கு ஒரு படம் என்று வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விடும். இங்கிலீஷுக்கு அது போதும், தமிழுக்குப் போதாது.

இதற்கு மருந்து ஹார்ஃபபஸ் என்ற இலவச ஷேப்பிங் லைப்ரரி. 2023ல் வந்த கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் அது உள்ளேயே இருக்கிறது. பைத்தானில் எழுதினால் பில்லோ லைப்ரரியை ராக்ம் துணையோடு பயன்படுத்திப் பெயரை முதலில் ஒரு படமாக வரைந்து, அந்தப் படத்தைத் திரையில் ஒட்டலாம். நாங்கள் இரண்டாவது வழியைத்தான் பிடித்தோம். ஒவ்வொரு பெயரையும் போட்டி தொடங்கும் முன்னர் ஒரே ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டால் வேகமும் குறையாது.

நீளம், ஒப்பீடு, வரிசை

எழுத்து சரியாகத் தெரிந்த பிறகும் மூன்று பொறிகள் மிச்சம் இருந்தன.

முதல் பொறி நீளம். மிக்கேல் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மி, க், கே, ல் என்று நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டு எண்: 2990, 3007, 2965, 3021, 2965, 3015, 2994, 3021. ஃபைலில் 24 பைட். 'பெயருக்கு ஏழு இடம் போதும்' என்று வெட்டினால் கடைசிப் புள்ளி போய் 'மிக்கேல' என்று வரும். '20 பைட்' என்று வெட்டினால் ஆறு எண்ணுக்குப் பிறகு இரண்டு பைட் அநாதையாக நிற்கும், அங்கே ஒரு தவறுக்குறி முளைக்கும். மூன்று எண்ணிக்கையும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். வெட்ட வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். அதைவிட நல்லது, பெயரை வெட்டாமல் எழுத்தின் அளவைச் சுருக்குவது. யாருடைய பெயரையும் வெட்ட நமக்கு என்ன உரிமை?

இரண்டாவது பொறி ஒப்பீடு. குலுக்கலில் அந்தோணி என்ற ஒரே வீரர் இரண்டு பேராக வந்தார். 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3015, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. யூனிகோடிலேயே இதற்கு நார்மலைசேஷன் என்ற விதி இருக்கிறது. ஒப்பிடும் முன் எல்லாப் பெயரையும் என்.எஃப்.சி. என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரட்டையர் ஒருவராகிவிடுவார்.

இதன் தம்பி ஒன்றும் உண்டு. ஸ்ப்ரெட்ஷீட்டில் இருந்து பெயர்ப்பட்டியலை எடுத்தபோது 'பெயர்' என்ற தலைப்பு இருந்தும் புரோகிராம் 'இல்லை' என்றது. ஃபைலின் தொடக்கத்தில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருந்ததே காரணம். இரண்டு நாள் தேடினோம்! திறக்கும்போதே அதை நீக்கிவிடச் சொல்லும் வசதி பைத்தானில் உண்டு.

மூன்றாவது பொறி அகர வரிசை. யூனிகோடில் ன என்பது ப, ம இவற்றுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகா முன்னும் கமலா பின்னும் வருவார்கள். அகராதி முறைப்படி கமலாதான் முன். இதற்கு ஐ.சி.யு. என்ற இலவச லைப்ரரியில் தமிழ் வரிசை விதி தயாராக இருக்கிறது.

சோதித்துப் பார்க்கும் முறை

முதல் முறை நாங்கள் லேபில் சோதித்தது 'ராஜா', 'பாலா' என்ற பெயர்களை வைத்து. கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. தவறு எப்படித் தெரியும்? இப்போது எங்களிடம் ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது. மிக்கேல், அந்தோணி, சௌந்தர்யா, ஸ்ரீவைகுண்டம், முத்துக்குமாரசுவாமி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஔகாரம், கிரந்தம், நீளம் எல்லாம் இதில் அடங்கும். இவை ஐந்தும் ஒரு புதிய லேப்டாப்பில் சரியாக வந்தால்தான் புரோகிராம் தேறியது என்று வைத்துக்கொள்கிறோம்.

முடிவாக

இந்த ஆண்டு விழாவில் திரையில் எல்லாப் பெயரும் தமிழில் வந்தன. யாரும் கைதட்டவில்லை. பெயர் சரியாக வந்தால் யார் கைதட்டுவார்கள்? அதுதான் சரியாக இருப்பதன் அடையாளம் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். அணித் தலைவன் மட்டும் தன் பெயரைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அம்மா இந்த ஆண்டும் வந்தார். நான் எதையும் காட்டவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் அவரே திரையின் அடியில் விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, என் பெயரை வாசித்தார்.

"இங்கிலீஷ்லயே போட்டுட்டுப் போயிருவோம், எதுக்கு இவ்வளவு பாடு?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாம் செய்யப்போகும் சாஃப்ட்வேரைப் பார்க்கப் போகிறவர்கள் நம் அப்பா அம்மாக்கள். உப்பளத்துச் சம்பளச் சீட்டிலும், ஆஸ்பத்திரி டோக்கனிலும், ரேஷன் பில்லிலும் அவர்கள் பெயர் சரியாக வர வேண்டும் என்றால், அதை அடிக்கும் புரோகிராமை எழுதுகிறவனுக்கு இந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். கேம் ஸ்கோர்போர்டு அதற்கு நல்ல பயிற்சி. தவறு செய்தால் சிரிப்போடு போய்விடும், யாருக்கும் கூலி நிற்காது.

ஸ்கோர்போர்டு புரோகிராமும் சோதனைப் பட்டியலும் நம் லேப் மெஷினில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் எடுத்துப் பாருங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள். அடுத்த ஆண்டு திரையின் அடியில் உங்கள் பெயர் வரட்டும், தமிழில்!



– இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு